வெள்ளைக்கரு வீடு

முதல் குஞ்சு சுவரிலிருந்து இறங்கி வந்தபோது சிகப்பி ஆச்சி வளவு முற்றத்தில் உட்கார்ந்து கல்யாணப் பலகாரத்துக்கு உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேற்குப் பக்கத்தில், முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஊரே சொல்லும் அந்தப் பளபளப்புச் சுவரில், உள்ளேயிருந்து யாரோ டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டு, பல்லியாக இருக்கும் என்று அவள் தலையைத் தூக்காமலே இருக்க, சுவர் ஒரு வட்டமாகப் பொரிந்து உதிர்ந்து, அந்த ஓட்டையிலிருந்து சுண்ணாம்புத் தூளை உதறிக்கொண்டு ஒரு கோழிக்குஞ்சு எட்டிப் பார்த்து, கீழே விழுந்து, எழுந்து, நேராக முறத்துக்கு வந்து உளுந்தைக் கொத்தியது. ஆச்சி குஞ்சைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். கல்யாணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த நேரத்திலா சுவரில் ஓட்டை விழ வேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் வயிறு எரிந்தது. குஞ்சை ஒரு கூடையைப் போட்டு மூடிவிட்டு மிச்ச உளுந்தில் கல் பொறுக்கினாள்.

வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நாச்சியப்பச் செட்டியார் கோபித்துக்கொள்வார். ஆச்சியின் புருஷனுக்குப் பூட்டனார் குமரப்பச் செட்டியார், வெள்ளைக்காரன் பிடித்துவைத்திருந்த பர்மாவுக்குக் கொண்டுவிக்கவென்று தொழிலுக்குப் போய், வட்டிக்குக் கொடுத்து வயலை வாங்கி, வயலை வைத்து மறுபடி வட்டிக்குக் கொடுத்து, ஓர் ஆற்றின் இரண்டு கரையும் தன் பேருக்கு வந்த பிறகு சொந்த ஊர் ஞாபகம் வந்து, கப்பல் கப்பலாகத் தேக்கும், இத்தாலியிலிருந்து கல்லும், பெல்ஜியத்திலிருந்து ஆளுயரக் கண்ணாடியும் வரவழைத்து, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லை வாசலுமாக வேலங்குறிச்சியில் அந்த வீட்டைக் கட்டினார். கட்டிய காலம் மழை பொய்த்த காலம். சுண்ணாம்பை அரைத்து முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசினால்தான் சுவர் பளிங்காக நிற்கும் என்று கொத்தனார் சொல்ல, கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் கருவக்குடியில் தண்டோராப் போட்டு, கோழி வளர்க்கும் வீடு ஒவ்வொன்றும் இட்ட முட்டையைச் செட்டியார் வீட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது என்று ஆயிற்று. வெள்ளைக்கரு சுவருக்குப் போனது. மஞ்சக்கருவைச் செட்டியார் கருவக்குடிச் சித்தாள் பிள்ளைகளுக்கு ஊட்டினார், அந்தப் பஞ்சத்தில் ஒரு பிள்ளை சாகவில்லை என்பது வீட்டுக் கதை. "வெள்ளை எங்களுக்கு, மஞ்சள் ஊருக்கு" என்று அந்த வீட்டில் நடக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும் மூத்த பங்காளி பூட்டனார் படத்துக்கு முன்னால் நின்று சம்பந்திகளுக்குச் சொல்ல வேண்டும். இப்போது அந்த உத்தியோகம் சென்னையிலிருக்கும் நாச்சியப்பச் செட்டியாருக்கு.

பர்மா போயிற்று, வயல் போயிற்று, வீடு மட்டும் நின்றது. அதை யாரும் தனியாக விற்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது, ஏனென்றால் கல்யாணமாகிற ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை, இரண்டாங்கட்டில் ஓர் அடுப்பு என்று பங்கு விழுந்து, பங்கு பேரனுக்குப் போய், அவன் பேரனுக்குப் போய், அறைகள் எல்லாம் இங்கேயும் சாவிகள் எல்லாம் சிங்கப்பூரிலும் சிட்னியிலுமாகக் கிடந்தன. சிகப்பி ஆச்சியின் புருஷன் நல்ல மனுஷன், தொட்டது எதுவும் துலங்காத நல்ல மனுஷன். அவர் போனபோது அவளுக்கு விட்டுப்போனது ஓர் அறை, ஓர் அடுப்பு, உமையாள். உமையாளுக்கு முப்பது தாண்டிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டை வாய் பிளந்து பார்த்துவிட்டு, பெண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அம்புட்டும் ஒங்க பங்கா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் ஒரு சம்பந்தம் வந்தது. கோலாலம்பூரில் தொழில் வைத்திருக்கும் சாத்தப்பச் செட்டியார், பையன் மெய்யப்பனோடு வந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். "எங்க அப்பச்சி சின்னப் புள்ளையில இந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து, இந்தச் சுவத்துல மொகம் பாத்தேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாக. சீரு செனத்தி ஒண்ணும் பேச வேணாம் ஆச்சி. இந்தச் சுவத்துக்கு முன்னால திருப்பூட்டு நடக்கணும், தாலி ஏறணும். அம்புட்டுத்தான்," என்றார். பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொண்டார்கள். உமையாள் சிரித்துக்கொண்டே அறைக்குள் போவதைப் பார்த்த சிகப்பி ஆச்சி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, இனி அந்தச் சுவர்தான் தன் தெய்வம் என்று முடிவு செய்தாள். உமையாளின் வாழ்வு முழுக்க இப்போது அதன் மேல்தான் சாய்ந்து நின்றது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் எல்லாப் பங்கு அடுப்பையும் பற்றவைத்துப் பால் காய்ச்ச வேண்டும், ஓர் அடுப்பு குளிர்ந்து கிடந்தாலும் கல்யாணம் நடக்காது. பால் பொங்கியதும் அணைத்துவிடலாம். ஆச்சி அணைக்கவில்லை. பங்காளிகள் யாரும் எட்டிப்பார்க்காத வீட்டில், சம்பந்தி வீட்டுக்குப் போகும் பலகாரமெல்லாம் தானே சுட்டுவிடுவது என்று வைராக்கியம் பிடித்து, இரண்டாங்கட்டு நெடுக வரிசையாக இருக்கும் அத்தனை அடுப்பிலும் நாள் பூராவும் தீயை நிறுத்தி, ஓர் அடுப்பில் தேன்குழல், ஓர் அடுப்பில் அதிரசம், ஓர் அடுப்பில் சீப்புச்சீடை என்று புகையில் கண் சிவந்து நின்றாள். கட்டிய நாளிலிருந்து இப்படி விடாமல் சூடு பார்த்திராத வீடு. சுவரெல்லாம் கை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. கோழி அடைகாக்கும் நாள் எத்தனையோ அத்தனை நாள் கழித்துத்தான் உளுந்துக்கு முதல் குஞ்சு வந்தது.

மறுநாள் கிழக்குச் சுவர் பொரிந்தது, அதற்கு மறுநாள் முகப்பு. பிறகு எந்தச் சுவர் என்று பார்ப்பதை ஆச்சி விட்டுவிட்டாள். குஞ்சுகள் எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை, ஒரு பொட்டு மஞ்சள் கிடையாது. அவை வளரவில்லை, தூங்கவில்லை, தின்றன. நொய்யரிசியைத் தின்று, நெல்லைத் தின்று, தேன்குழலை நொறுக்கித் தின்று, விளக்குத் திரியையும் கோலத்தையும் தின்று, மறுபடியும் வாயைத் திறந்துகொண்டு கீச்சுக் கீச்சென்று கத்தின. வாசலில் ஊரே கூடியது. முதல் நாள் வந்தவர்கள் கும்பிட்டார்கள், இரண்டாம் நாள் வந்தவர்கள் படம் எடுத்தார்கள், அதற்கப்புறம் வந்தவர்கள் குஞ்சைப் பற்றிப் பேசாமல் கறிவேப்பிலை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு ஆளுக்கு ஒரு பிடி கம்பு இறைத்துவிட்டுப் போனார்கள். சிவன் கோவில் குருக்கள் வந்து சுவருக்குப் பூப்போட்டார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து, ஊரில் எந்தக் கோழிக்கும் போடுகிற சொட்டு மருந்தை இவற்றின் கண்ணிலும் விட்டுவிட்டு, "குஞ்சு பொரியுறப்ப மஞ்சக்கருவ வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டுத்தான் வெளியில வரும். இதுகளுக்கு அது இல்ல. நீங்க என்னத்தப் போட்டாலும் நெறையாதும்மா," என்று சொல்லிவிட்டு, பலகாரம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே மஞ்சக்கரு எங்கே போயிற்று என்ற பேச்சு டீக்கடைக்கு வந்துவிட்டது.

செல்போனில் படம் பரவியதும் பங்காளிகள் வந்தார்கள். ஆச்சியின் புருஷன் செத்தபோது விமானம் கிடைக்காதவர்களுக்கு எல்லாம் கோழிக்குஞ்சுக்கு விமானம் கிடைத்தது. வந்தவர்கள் துருப்பிடித்த பூட்டுகளில் எண்ணெய் விட்டுத் திறந்து, தங்கள் அறைச் சுவரிலிருந்து வந்தவை தங்கள் குஞ்சுகள் என்றார்கள். சரி, பொதுச் சுவரில் வந்தது யாருக்கு? நாச்சியப்பச் செட்டியார் பூட்டனார் படத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்: ஒவ்வொரு பங்குக்கும் ஒரு சாயம். அப்படியே சிங்கப்பூர்ப் பங்கு ஊதா, சென்னைப் பங்கு பச்சை, சிட்னிப் பங்கு ரோஸ் என்று திருவிழாவில் விற்கிற குஞ்சுகள் மாதிரி முக்கி எடுத்தார்கள். சாயத்தைக் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தித் தின்றுவிட்டு மறுநாள் வெள்ளையாக நின்றன. ஒருவர் இதை ஓட்டலாக்கினால் வெளிநாட்டுக்காரன் வரிசையில் நிற்பான் என்றார். இன்னொருவர் தன் பங்குக் குஞ்சு சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சிகப்பி ஆச்சியைப் பார்த்துச் சொன்னார். ஆச்சி அத்தனை பேருக்கும் காப்பி போட்டாள்.

நாச்சியப்பச் செட்டியாரிடம் அவள் நேருக்கு நேர் பேசுவதில்லை, புருஷனுக்கு மூத்தவர். மகளைப் பார்த்துச் சொன்னாள். "ஒங்க பெரியப்பச்சிகிட்டக் கேளு உமையா. முகூர்த்தத்துக்குள்ள இதுக அடங்க ஒரு வழி சொல்லச் சொல்லு. சம்பந்தி வீட்டுல ஆள் மேல ஆள் அனுப்பிக் கேக்குறாக."

"வழி என்ன வழி," என்றார் அவர் கூரையைப் பார்த்து. "மஞ்சக்கருவத் தின்னது யாரு? கருவக்குடி. அவுக பாட்டன் பூட்டன் தின்னுபுட்டாக, இதுக வயிறு காயுது. தின்னவுக திருப்பிக் குடுக்கட்டும். வீட்டுக்கு இத்தனை முட்டைன்னு கொண்டாந்து போடச் சொல்லு."

அது நியாயம்தான் என்று வளவில் இருந்த எல்லோருக்கும் பட்டது. ஊரிலும் பாதிப் பேருக்குப் பட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் தின்ற பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளை டீக்கடையில் இடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள்.

கருவக்குடியிலிருந்து பூமயில் வந்தாள். ஊராட்சி மன்றத் தலைவி. ஸ்கூட்டரை முகப்பில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றாமல் வளவு வரைக்கும் நடந்துவந்து, குஞ்சுகளை மிதிக்காமல் ஒதுக்கி ஒதுக்கி நின்றாள். அவள் அம்மா வந்தபோதெல்லாம் கொல்லை வாசலோடு நின்று போனவள். நாச்சியப்பச் செட்டியார் செருப்பைப் பார்த்தார், பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார், காலம் அப்படி.

"திருப்பிக் குடுக்கச் சொன்னீங்களாமே," என்றாள் பூமயில்.

"நாங்க ஒண்ணும் புதுசாச் சொல்லல. வெள்ளை எங்களுக்கு, மஞ்சள் ஊருக்கு. ஊருக்கே தெரிஞ்ச கதை."

"குடுத்தது ஒங்க வீட்டுக் கதையில இருக்கு. தின்னது எங்க ஊருக் கதையில இல்லைங்களே." அவள் குரல் உயரவில்லை. "எங்க ஊருக் கதையில அந்த வருசம் கோழி அடை உக்காரல, ஏன்னா அடை வைக்க முட்டை இல்ல. அடுத்த வருசம் கோழியே இல்ல. கண்மாய்க் கரையில சின்னச் சின்னதா கல்லு நட்டிருக்கும், பாத்திருப்பீங்க. குளிக்க வர்றவுக துணி தொவைக்கிற கல்லுன்னு நெனைச்சுக்குவாக. அதெல்லாம் அந்த வருசம் நட்டது. மஞ்சக்கரு தின்ன புள்ளைக அதுக்கடியில இல்லைங்க."

செட்டியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரோ எதையோ கிளப்பிவிடுகிறார்கள் என்றும், அரசியல் என்றும், எலெக்சன் வருகிறதல்லவா என்றும் சொன்னார். பூமயில் அவரைப் பார்க்கவில்லை. அவள் குஞ்சுகள் போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தின்று முடித்த குஞ்சுகள், அதாவது தின்றும் முடியாத குஞ்சுகள், வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டு அடுப்புகளைத் தாண்டி, மூன்றாங்கட்டுக்குப் போய், கிணற்றடியில் கிடந்த பெரிய ஆட்டுக்கல்லைச் சுற்றி மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தன.

அவள் ஆச்சியைத் தனியாகப் பிடித்தது அந்தக் கிணற்றடியில்தான். "ஆச்சி, நீங்க ஒருத்தர்தான் இந்த வீட்டுல வாழுறீங்க. மத்தவுகளுக்குச் சாவி மட்டுந்தான். ஒங்களுக்குத் தெரியும். இதுக்கடியில என்ன இருக்கு?"

சிகப்பி ஆச்சிக்குத் தெரியும். அவள் வாக்கப்பட்டு வந்த வருஷம் மாமியார் அவளை இதே கிணற்றடிக்குக் கூட்டிவந்து, ஆட்டுக்கல்லை நகர்த்தவும் கூடாது, அங்கே தோண்டவும் கூடாது, செடி வைக்கவும் கூடாது என்று சொல்லி, ஏன் என்று கேட்டதற்கு, வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். மஞ்சக்கருவை யாருக்கும் ஊட்டவில்லை. சித்தாள்கள் சட்டியை ஏந்திக்கொண்டு நின்றார்களாம். கொடுக்கலாமா என்று கணக்கப்பிள்ளை கேட்டாராம். குமரப்பச் செட்டியார் யோசித்து, "ருசி கண்டா அடங்காது. அப்புறம் முட்டை சுவத்துக்கு வராது," என்றாராம். ஆள் வைத்துக் குழி வெட்டி, அவ்வளவையும் அதில் கொட்டி, மேலே சுண்ணாம்பைப் போட்டு மூடினார்கள். கெட்ட மனுஷர் என்று மாமியார் சொல்லவில்லை, வீடு கட்டுகிற மனுஷர் என்று சொன்னாள். சிகப்பிக்கு அப்போது பத்தொன்பது வயது, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் இறங்கியது.

"சொன்னாப் போதும் ஆச்சி," என்றாள் பூமயில். "பழி கிழி ஒண்ணும் வேணாம். ஒங்க பெரியவரு படத்துக்கு முன்னால நின்னு ஒரு பொய்யச் சொல்றாருல்ல, அந்த எடத்துல நீங்க நின்னு உள்ளதச் சொல்லுங்க. நாங்க வந்து தோண்டி, இருக்குறத இதுக வாயில வைக்கிறோம். பத்தலைன்னா வீட்டுக்கு ஒரு முட்டை நானே கொண்டாரச் சொல்றேன். அடங்கிப் போயிரும் பாவம்."

ஆச்சிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது இரண்டாங்கட்டிலிருந்து உமையாள் போனில் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று. சொன்னால் என்ன ஆகும் என்று ஆச்சிக்கு வரிசையாகத் தெரிந்தது: சாத்தப்பச் செட்டியார் தடவிப் பார்த்த கையைத் துடைத்துக்கொள்வார், இந்தச் சுவருக்கு முன்னாலா திருப்பூட்டு என்பார், பங்காளிகள் அறையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், உமையாள் திரும்ப அந்த ஒற்றை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை, அதுவும் தன் பெண்ணின் வாழ்க்கை, செத்தவர்கள் கணக்கில் போய்விடக் கூடாது.

"அங்கே ஒண்ணும் இல்ல தாயி," என்றாள்.

பூமயில் குனிந்து ஒரு குஞ்சை எடுத்து, அதன் காலில் சிக்கியிருந்த நூலை அவிழ்த்து, கீழே விட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரமே சாத்தப்பச் செட்டியார் வந்து குஞ்சுகளைப் பார்த்துச் சிரித்தார். லெட்சுமி சுவரிலிருந்து இறங்கி வருகிறாள் என்றார், சுவரில் ஓட்டை விழுந்த இடத்தில் எல்லாம் பூச்சரம் தொங்கவிட்டால் போயிற்று என்றார். "ஆனா முகூர்த்தத்தன்னிக்குச் சத்தம் மட்டும் ஆகாது ஆச்சி. நாயனம் கேக்கணும்ல. மூணாங்கட்டுல தோண்டிக் கெடக்குதே, அதையும் பாருங்க. பந்தி அங்கதானே."

குஞ்சுகள் ஆட்டுக்கல்லை அதற்குள் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டிருந்தன. ஆச்சி கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமெண்டு போட்டு மூடச் சொன்னாள். விடிவதற்குள் குஞ்சுகள் சிமெண்டைக் கொத்திப் பொடியாக்கிவிட்டன. கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார். அதுவும் இரண்டாம் நாள் விரிந்தது. கொத்தனார் தலையைச் சொறிந்தார். அப்போது ஆச்சிக்கு அது தோன்றியது, யாரும் சொல்லித் தரவில்லை, அந்த வீட்டில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவளுக்கு அது தானாக வந்தது: இதுகள் வெள்ளைக்கருவைக் கொத்தாது. உள்ளே இருந்தபோது பொரித்துக்கொண்டு வந்தன, வெளியே வந்த பிறகு ஒரு குஞ்சுகூட அந்தச் சுவரில் அலகு வைத்து அவள் பார்த்ததில்லை.

லாரியில் நாமக்கல் முட்டை வந்து அட்டை அட்டையாக இறங்கியது. ஆச்சியும் உமையாளும் வேலைக்கு வந்த பெண்களும் கிணற்றடியில் வட்டமாக உட்கார்ந்து உடைத்து உடைத்து, வெள்ளையைச் சுண்ணாம்புத் தொட்டிக்கும் மஞ்சளைப் பெரிய அண்டாவுக்குமாகப் பிரித்தார்கள். அண்டா நிறைய நிறையக் குஞ்சுகளின் கத்தல் நின்றுகொண்டே வந்தது. எல்லாம் வந்து அண்டாவைச் சுற்றி நின்றன. ஒன்றும் எட்டிக் குதிக்கவில்லை, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன.

உமையாள்தான் கேட்டாள். "ஆத்தா, இந்த மஞ்சக்கருவ இதுகளுக்கே ஊத்திரலாம்ல? வீணாத்தானே போகப் போவுது."

"ருசி கண்டா அடங்காதுடி," என்றாள் சிகப்பி ஆச்சி.

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் வாய்ச்சொல் என்று அவளுக்கு உறைத்தது. கை அண்டாவின் விளிம்பில் அப்படியே நின்றது. உமையாளுக்கு ஒன்றும் தெரியாது, அம்மாவுக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டது என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டாள். நாளை மறுநாள் கல்யாணம். பாதி வாய்க்கு ஊற்றி, மிச்ச வாய்கள் பத்தாமல் கத்த ஆரம்பித்தால்? ருசி தெரிந்த பிறகு குழியை விடுமா? ஆச்சி மகளை உள்ளே போகச் சொன்னாள், அண்டாவை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்து, தண்ணீர் விட்டுத் தள்ளி, மேலே கல்லைப் போட்டு மூடினாள்.

ஆட்டுக்கல் கிடந்த கிணற்றடித் தரை முழுக்கக் கொத்தனார் மூன்று பூச்சுப் பூசித் தேய்த்துக் கொடுத்தார். அப்பேர்ப்பட்ட வேலை. பூட்டனார் காலத்துச் சுவரே அதன் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்தது. குஞ்சுகள் ஏறிப் பார்த்தன, கால் வழுக்கியது. அலகு வைக்கவில்லை. நடுவில் கூடி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன, கண்ணை மூடிக்கொண்டன. முகூர்த்தத்தன்று காலையில் பெருக்க வந்தவள் துடைப்பத்தை வைத்தபோது அங்கே சுண்ணாம்புத் தூள்தான் இருந்தது, ஒரு சாக்குக்குக்கூடக் காணாது. கல்யாணத்துக்கு மரியாதை கொடுத்து அடங்கிவிட்டன என்று பந்தல்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணம் ஒரு குறை இல்லாமல் நடந்தது. நாயனம் மூன்று தெருவுக்குக் கேட்டது. பூச்சரங்களுக்கு நடுவில் மிஞ்சியிருந்த சுவரில் மாப்பிள்ளை முகமும் பெண் முகமும் தெரிந்தன, சாத்தப்பச் செட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாச்சியப்பச் செட்டியார் படத்துக்கு முன்னால் நின்று, பஞ்ச காலம், கருவக்குடிப் பிள்ளைகள், கருணை எல்லாவற்றையும் இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே சொல்லி, "வெள்ளை எங்களுக்கு, மஞ்சள் ஊருக்கு" என்று முடித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். பத்திரிகை வைத்திருந்ததால் பூமயிலும் வந்திருந்தாள். கடைசித் தூணருகில் நின்று முழுவதும் கேட்டாள். சாப்பிடாமல் போகிறாளே என்று யாரோ சொன்னார்கள். சிகப்பி ஆச்சி தூக்கிக் கட்டிய பட்டுப்புடவையோடு பந்திக்கும் வளவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள், பெண் கரையேறிவிட்டாள் என்ற சந்தோஷம் அவளுக்கு உண்மையாகவே இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

பெண்ணை அனுப்பும் நேரம். காரில் ஏறப்போன உமையாள் திரும்பி வந்து அம்மாவின் காதோடு சொன்னாள். "ஆத்தா, பசிக்குது."

"இப்பத்தானே சாப்பிட்ட?"

"அவுககூட ஒருவாட்டி, நாத்தனாரோட ஒருவாட்டி. ரெண்டு வாட்டி சாப்பிட்டேன். இன்னும் பசிக்குது ஆத்தா."

கல்யாண அலைச்சல் என்று சொல்லி ஒரு பொட்டலம் அதிரசத்தைக் கையில் கொடுத்து அனுப்பினாள். கார் தெருமுனை திரும்புவதற்குள் பொட்டலம் காலி என்று பின்னால் மாப்பிள்ளை போனில் சொல்லிச் சிரித்தார். அடுத்த மாதம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர், டாக்டர் டாக்டராகக் கூட்டிப்போனார், எல்லா டாக்டரும் உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். உமையாள் காலையில் பேசினாள், மத்தியானம் பேசினாள். வீடு நல்லா இருக்கு ஆத்தா, அவுக தங்கமா வச்சிருக்காக, மாமனார் அவ்வளவு பிரியம், சோறு, மீன், பழம், எதுக்கும் குறைவில்லை. பசிக்குது ஆத்தா. போட்டோ அனுப்பினாள்: கழுத்தெலும்பு தெரிய, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து நின்றாள்.

பங்காளிகள் பூட்டிக்கொண்டு போய்விட்ட வீட்டில் சிகப்பி ஆச்சி கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூன்றாங்கட்டுக்குப் போனாள். ஓங்கிப் போட்டால் கடப்பாரை வழுக்கியது. உட்கார்ந்து ஒரே இடத்தில் குத்தினாள், கீறல்கூட விழவில்லை. கூப்பிட்டுவிட்ட கொத்தனார் வந்து பார்த்து, தன் வேலையைத் தானே தடவிப் பெருமைப்பட்டுக்கொண்டு, இது இனி நம் காலத்துக்கு உடையாது ஆச்சி என்றார். உடைக்கிற மெஷினைக் கொண்டுவந்தார், அதன் முனை மழுங்கியது. சிமெண்டு என்றால் குஞ்சுகள் உடைத்துவிடும். குஞ்சுகள் இல்லை. மறுபடி உள்ளிருந்து பொரித்துக்கொண்டு வருமா என்று எல்லா அடுப்பையும் மூட்டிப் பார்த்தாள். சுவரில் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை, சும்மா சூடாகிச் சும்மா ஆறியது. அவள் அந்தப் பூச்சின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவள் முகம் அதில் துல்லியமாகத் தெரிந்தது.

மறுநாள் கண்மாய்க் கரை வழியாகக் கருவக்குடிக்கு நடந்தே போனாள். சின்னச் சின்னக் கற்கள் வழி நெடுக நட்டிருந்தன, இத்தனை வருஷம் அவளும் துவைக்கிற கல் என்றுதான் நினைத்திருந்தாள். பூமயில் வீட்டு வாசலில் கோழிகள் மேய்ந்தன. பூமயில் நாற்காலியை எடுத்துப் போட்டாள், ஆச்சி உட்காரவில்லை.

"அந்த ஆட்டுக்கல்லுக்கு அடியில தாயி," என்று ஆரம்பித்து, நின்றுகொண்டே, மாமியார் சொன்னது, சித்தாள்கள் சட்டி ஏந்தி நின்றது, குழி, சுண்ணாம்பு, பூட்டனார் சொன்ன வார்த்தை, தான் சொன்ன அதே வார்த்தை எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். "ஊரைக் கூட்டு. படத்துக்கு முன்னால நின்னு சொல்றேன். பெரியவரு மொகத்துக்கு நேராச் சொல்றேன். ஒங்க ஊரு ஆளுகளக் கூட்டியாந்து தோண்டுங்க, அதுல ஒரு கை அள்ளி எம்மக வாயில வச்சாப் போதும். எம்மக சாகப்போறா பூமயிலு."

பூமயில் கடைசி வரைக்கும் கேட்டாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஆச்சியின் கையில் கொடுத்தாள்.

"நான் என்னத்தன்னு சொல்லி ஊரைக் கூப்பிடுவேன் ஆச்சி?" என்றாள். "அன்னிக்கு ஒங்ககிட்டக் கேட்டுட்டு வந்து, அங்கே ஒண்ணும் இல்லன்னு ஒங்க பேரைச் சொல்லி நாந்தானே மம்பட்டியோட நின்ன எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவச்சேன்."

ஆச்சியின் இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அது நின்று, மறுபடி அடித்தது.